பர்மாவுல ரயில் இருந்தும் ஐராவதி ஆத்துல ஏன் கப்பல்லயே போனாங்க?

தட்டோன்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்ச விசயம், யாங்கோன்ல (பழைய ரங்கூன்) இருக்க பெரியவங்க யாராச்சும் சொல்லுங்க. எங்க கொள்ளுத்தாத்தா காரைக்குடி பக்கத்துலேர்ந்து வந்து வாக்கேமாவுல ஒரு செட்டியார் வட்டிக்கடையில கணக்கு எழுதுனவரு. வீட்டுல அவரப் பத்திப் பேச்செடுத்தாலே கப்பல்ல போனாரு கப்பல்ல வந்தாருன்னுதான் ஆரம்பிப்பாங்க. மெட்ராஸ்லேர்ந்து ரங்கூனுக்குக் கப்பல், சரி, அது கடலு. ஆனா ரங்கூன்லேர்ந்து வாக்கேமாவுக்கும் கப்பலாம், முதலாளி வேலையா ஒரு தடவ மாந்தலே போனப்பவும் பாதி ரயிலு பாதி கப்பலாம், எங்க அப்பத்தா இப்புடித்தான் சொல்லும்.

எனக்குப் புரியாதது என்னன்னா ரங்கூன்-புரோம் ரயிலு 1877லயே வந்துருச்சு, மாந்தலேக்கு 1889ல வந்துருச்சு. அப்புறமும் ஏன் ஜனங்க ஆத்த புடிச்சுத் தொங்குனாங்க, ரயிலு சார்ஜ் ஜாஸ்தியா இல்ல வேற எதுவுமா? அந்தக் கப்பல்லாம் யாரோடது, என்ன சரக்கு ஏத்துனாங்க, இப்ப அதெல்லாம் எங்க போச்சு? எனக்கு பர்மியப் புத்தகம் வேகமா படிக்க வராது, அதான் இங்க கேக்குறேன். தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க, ஒத்த வரியில "ஃப்ளோட்டில்லா கம்பெனி"ன்னு சொல்லிட்டுப் போயிறாதீங்க, அது எனக்கும் தெரியும் :)

பன்சொடான்_பெரியவர்

தம்பி, முதல்ல மேப்ப எடுத்து வச்சுக்கிட்டு பாருங்க. ரங்கூன் ஐராவதி மேல இல்ல. அங்க ஓடுறது ரங்கூன் ஆறு, ஐராவதிக்குப் போகணும்னா மேற்கால துவாந்தே கால்வாய் வழியா போகணும், அது ஒரு 22 மைலு, வெள்ளக்காரன் வெட்டுனது. அந்தப் பக்கம் போயிட்டா அப்புறம் டெல்டா, ஆறு கை கையா பிரிஞ்சு, அந்தக் கைக்குள்ள வாய்க்கா, வாய்க்காக்குள்ள ஓடை. வாக்கேமா, மௌபின், மியாவ்ங்மியா, பியாப்போன், போகலே எல்லாம் தண்ணிக்கரையில நிக்கிற ஊருங்க. அங்க ரோடு போடணும்னா அடிக்கொரு பாலம் கட்டணும், மழைக்காலத்துல பாதி நெலம் தண்ணிக்குள்ள கெடக்கும், எவன் கட்டுவான்? அதனால உங்க கொள்ளுத்தாத்தா வாக்கேமாவுக்கு ரயில்ல போயிருக்கவே முடியாது, அங்க ரயிலே கெடயாது. இதுல சார்ஜு பேச்சுக்கே எடமில்ல.

பஸ்ஸீன் போற ரயிலு இருந்துச்சே அது எப்புடின்னு கேப்பீங்க. அது தராவாங்கிற ஊர்ல ஆத்தங்கரையோட நின்னுபோகும். பாலம் கெடயாது. எறங்கி ஃபெர்ரியில ஏறி ஹென்சாடா கரைக்குப் போயி அங்கேர்ந்து மறுபடி ரயிலு. ரயிலுக்கே கப்பல் வேண்டியிருந்த ஊரு தம்பி இது! ஐராவதி மேல முதல் பாலமே ஆவா பாலந்தான், 1934ல தொறந்தாங்க, அதுக்கப்புறம் 1990கள் வரைக்கும் இம்மாம் பெரிய ஆத்துக்கு அந்த ஒத்தப் பாலந்தான்.

இப்ப கம்பெனி. 1852 சண்டையில வெள்ளக்காரன் கீழ்பர்மாவ புடிச்சப்ப படைக்கு ஓட்டுன நீராவிக் கப்பலுங்க இருந்துச்சு, அத அப்புறம் தனியாருக்குக் கைமாத்துனாங்க. 1865ல ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி கிளாஸ்கோவுல பதிவாச்சு. கப்பலு கட்டுனது முக்காவாசி ஸ்காட்லாந்துல டம்பார்ட்டன்ல டென்னிங்கிற பட்டறையில. அங்க செஞ்சு பாகம் பாகமா கழட்டி இங்க கொண்டாந்து எதிர்க்கரை டாலாவுல பூட்டுவாங்க. 1860கள் முடியறதுக்குள்ள சீன எல்லைப் பக்கம் பாமோ வரைக்கும் ஓட ஆரம்பிச்சிருச்சு. 1920கள் கடைசியில பாத்தா 600க்கு மேல கப்பலும் படகும், வருசத்துக்கு 80, 90 லட்சம் பேரு ஏறி எறங்குனாங்க. 1931 சென்சஸ்ல மொத்த பர்மாவோட ஜனத்தொகையே ஒன்றரைக் கோடிக்குள்ளதான், அத மனசுல வச்சுப் பாருங்க.

நீங்க சொன்ன பாதி ரயிலு பாதி கப்பலுக்கும் பதில் இதுலயே இருக்கு. ரங்கூன்ல ராத்திரி ரயிலேறி புரோம்ல எறங்கி அங்க நிக்கிற மாந்தலே எக்ஸ்பிரஸ் ஸ்டீமர்ல ஏறிக்கலாம். ரயிலு வந்து கப்பலுக்கு ஆள் கொண்டாந்து விட்டுச்சு. நேர் ரயிலு இருந்தது டௌங்கு வழியா, அது கிழக்கால போற லைனு. ஆத்தங்கரை ஊரு, தயெட்மியோ, மின்பூ, மக்வே, ஏனான்ஜாங், பக்கோக்கு, இதுல வேலையிருக்கவனுக்கு அந்த லைனு எதுக்கு ஒதவும்?

மேல்பர்மா கதைய மாந்தலே மாமா வந்து எழுதட்டும், அவருக்குத்தான் அது அத்துப்படி.

டெல்டாக்காரி

பெரியவர் சொன்னது கம்பெனிக் கப்பல் கதை. அது பெரிய ஆத்துலதான் ஓடும், ஊருக்குள்ள வராது. எங்க பக்கம் பியாப்போன்ல கடைசி அஞ்சு மைலு பத்து மைலு எல்லாமே சம்பான்தான், துடுப்புப் போடுற சின்னப் படகு. நம்ம ஆளுங்க பிழைப்பு நடந்ததும் அந்தக் கடைசிப் பத்து மைல்லதான், அத யாரும் எழுத மாட்டேங்கிறாங்க.

தம்பி உங்க கொள்ளுத்தாத்தா செட்டியார் கடைங்கிறீங்க, அதனால சொல்றேன். 1869ல சூயஸ் கால்வாய் தொறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி போற வழி குறுகிருச்சு, வெலை ஏறுச்சு, டெல்டா முழுக்கக் காட்ட வெட்டி நெல்லு போட ஆரம்பிச்சாங்க. 1850கள்ல கீழ்பர்மாவுல பத்து லட்சம் ஏக்கர் கூட தேறாது, 1930கள்ல கிட்டத்தட்ட ஒரு கோடி ஏக்கர். காட்ட வெட்டுறவனுக்கு மாடு வாங்கவும் கூலி குடுக்கவும் பணம் வேணும், பாங்குக்காரன் சேத்துக்குள்ள வருவானா? செட்டியாருங்க வந்தாங்க. 1930 வாக்குல பர்மா முழுக்க 1,600க்கு மேல கடை. அப்ப சர்க்கார் போட்ட பாங்கிங் கமிட்டி எழுதுன ஒரு விசயம் எனக்கு ரொம்பப் புடிக்கும், கீழ்பர்மாவுல ஜனம் இருக்க எடத்துல எந்த விவசாயிக்கும் ஒருநாள் பயணத்துக்குள்ள ஒரு செட்டியார் கடை இருக்குன்னு. டெல்டாவுல அந்த ஒருநாள் பயணம்னா தண்ணியில, வேற எதுல?

அதுவும் நெனச்ச நேரத்துக்குக் கெளம்ப முடியாது. ஓதம் பாக்கணும். கடல்தண்ணி ஏறும்போது உள்ள போற படகு சும்மாவே போகும், தண்ணி எறங்க ஆரம்பிச்சா எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் பிரயோசனமில்ல, கரையோரம் கட்டிப்போட்டு சோறாக்கித் தின்னுட்டு அடுத்த ஏத்தத்துக்குக் காத்துக் கெடக்கணும். கடன் வாங்க வர்றவன், வட்டி கட்ட வர்றவன், அடுத்தாள் (கடை முதலாளிக்கு உதவியா இருக்கவரு) வசூலுக்குப் போறது, எல்லாம் இந்தக் கணக்குலதான். சோறு கொதிக்கிற நேரத்தையும் சேத்துத்தான் வட்டிக்கணக்கு போட்டாங்களோ என்னமோ :)

அறுப்பு முடிஞ்சு தை மாசி ஆச்சுன்னா ஓடை பூரா நெல்லுப் படகுங்க. கூடை கணக்கு, ஒரு கூடை 46 பவுண்டு, வெலை பேசுறது நூறு கூடைக்கு. களத்துமேட்டுலேர்ந்து சின்னப் படகு, அங்கேர்ந்து பெரிய படகு, அப்புறம் ரங்கூன் இல்ல பஸ்ஸீன் ரைஸ்மில் ஜெட்டி. மில்லுல, துறைமுகத்துல மூட்டை தூக்குனது பெரும்பாலும் தெலுங்கு ஆளுங்க. நம்ம தமிழாளுங்க அறுப்புக்கு வந்தவங்க நெறய, அவங்களும் இந்தப் படகுலதான் ஊர் ஊரா போனாங்க, மேஸ்திரி கூட்டிக்கிட்டுப் போவான். செட்டியார் கடைன்னா நாலு பேரு, கூலின்னா ஆயிரக்கணக்குல, ஆனா வீட்டுக் கதைன்னு வந்தா எல்லாரும் கடைக்காரர் பேரனுங்களாத்தான் இருக்காங்க, அத மட்டும் நான் சொல்லிக்கிறேன். (உங்களச் சொல்லல தம்பி.)

அப்புறம் 1930ல நெல்லு வெலை விழுந்துச்சு. கடன் திரும்பல, நெலம் கைக்கு வந்துச்சு. முக்கிய நெல் ஜில்லாக்கள்ல செட்டியார் கையில 1930ல நூத்துக்கு 6 பங்கு இருந்த நெலம் 1938ல 25 ஆச்சு. பாங்கிதான் வச்சிருந்தாங்க, பண்ணையாராகணும்னு யாரும் வரல, ஆனா நெலத்த இழந்த பர்மாக்காரனுக்கு அந்த வித்தியாசம் எதுக்கு? அந்தக் கசப்பு அப்புறம் நம்ம எல்லார் தலையிலயும் வெடிஞ்சுச்சு.

மாந்தலே_மாமா

பெரியவர் கூப்ட்டாரு, வந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

புரோம்-மாந்தலே ஓடுன பெரிய ஸ்டீமரு சயாம் கிளாஸ்னு பேரு. 326 அடி நீளம், ரெண்டு பக்கமும் சக்கரம், டெக்கு பயணிங்க மட்டும் 4,200 பேரு ஏத்த லைசென்ஸு. முன்னால மேல்தட்டுல கேபின், அதுல வெள்ளக்காரனும் பணக்காரனும். மத்தவங்க டெக்குல பாய விரிச்சு எடம் புடிக்கணும், குடும்பத்தோட மூட்டையோட கோழியோட. ரெண்டு பக்கமும் ஃப்ளாட்டுன்னு தட்டைப்படகு ஒண்ணொண்ணு சேத்துக் கட்டிருப்பாங்க, சரக்கெல்லாம் அதுல. இம்மாம் பெருசு கொஞ்ச அடி தண்ணியிலயே மெதக்கும், அடிப்பக்கம் தட்டையா கட்டுனதால.

ஆனா எங்க அய்யா சொல்லிச் சொல்லி ரசிப்பாரு, அது பஜார் கப்பல். எக்ஸ்பிரஸு மாதிரி பறக்காது, ஊருக்கு ஊரு நிக்கும், கூட வர்ற ஃப்ளாட்டுல வரிசையா கடை. வியாபாரிங்க எடத்த வாடகைக்கு எடுத்து துணி, பாத்திரம், விளக்கு, தீப்பெட்டி, நூலுன்னு பரப்பி வச்சுருப்பாங்க, கப்பலு ஊதுனா ஊரே கரைக்கு ஓடிவரும். வாங்கிட்டு விக்கவும் செய்வாங்க. கீழேருந்து மேல போனது அரிசி, உப்பு, ஙப்பி (மீன் அரைச்ச விழுது), கருவாடு, பின்ன சீமைத்துணி. மேல்பர்மாவுல மழை கொறச்சல், அரிசி பத்தாது, அதனால ராஜா காலத்துலேர்ந்தே கீழ்பர்மா அரிசி இல்லன்னா அங்க அடுப்பெரியாது. மேலேருந்து கீழ வந்தது பருத்தி, எள்ளு, கடலை, பனவெல்லம், வெங்காயம், பாகான் அரக்குச் சாமான், ஏனான்ஜாங் கச்சா எண்ணெய். எண்ணெய் மொதல்ல கையால தோண்டுன கெணத்துலேர்ந்து பானையில படகேறுனதுதான், 1908 வாக்குல சிரியத்துக்குக் கொழா போட்ட பெறகுதான் ஆத்துக்கு அந்த பாரம் கொறஞ்சுச்சு. கியாக்மியாங்ல பெரிய பெரிய மண்சால்ங்க செய்வாங்க, அத ஒண்ணோட ஒண்ணு கட்டி மூங்கில் போட்டு தெப்பமாவே ஓட்டிக்கிட்டு வருவாங்க, சரக்கே படகு! தேக்கும் அப்புடித்தான். காட்டுல யானை இழுத்து ஓடையில தள்ளும், மழைவெள்ளத்துல பெரிய ஆத்துக்கு வரும், அங்க தெப்பங்கட்டி மேல குடிசை போட்டுக்கிட்டு ஆளுங்க மாசக்கணக்குல மெதந்து ரங்கூன் வருவாங்க.

பாமோவுல கதை வேற. மழை விட்டதும் யுன்னான்லேர்ந்து சீனக்காரன் கோவேறு கழுதை மேல சரக்கேத்திக்கிட்டு மலை எறங்கி வருவான், திரும்பிப் போறப்ப பர்மா பருத்திய ஏத்திக்கிட்டுப் போவான். இந்த வியாபாரத்துமேல கண்ணு வச்சுத்தான் வெள்ளக்காரன் 1867ல பர்மா ராஜா மிண்டோன்கிட்ட ஒப்பந்தம் போட்டு பாமோ வரைக்கும் கப்பலுக்கு வழி வாங்குனது. பாமோவுக்குக் கீழ ரெண்டாவது கணவாய்னு ஒண்ணு, ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஆறு ஒடுங்கி ஓடும். அத மழைக்காலத்துல தாண்டுறதுக்கு மாலுமிக்கு நெஞ்சுல மாஞ்சா வேணும்.

கோடையில பிரச்சினை நேர்மாறு. மணல்திட்டு. இந்த வருசம் வழி இருந்த எடத்துல அடுத்த வருசம் மேடு. மூங்கில் மிதவை போட்டு வழி காட்டணும், முன்னாடி ரெண்டு பக்கமும் ஆளு நின்னு கோலு குத்தி ஆழம் பாத்துக் கத்திக்கிட்டே வருவான். சிந்துவின் ஆறு இன்னும் மோசம், அங்க பக்கச் சக்கரம் போயி பின்னால ஒத்தச் சக்கரம் வச்ச சின்னக் கப்பலுங்க. சாரங்கு, சுக்கானி, கலாசி எல்லாம் பெரும்பாலும் சிட்டகாங் முஸ்லிமுங்க, ஆத்த படிச்சவங்க. நம்மாளுங்க கப்பல் ஓட்டுனதா நான் கேள்விப்பட்டதில்ல, நம்ம எடம் டெக்குல, கடையில.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு, தமிழ் வியாபாரி இந்த ஆத்துக்கு வெள்ளக்காரன் கூடத்தான் வந்தான்னு நெனச்சுறாதீங்க. பாகான் பக்கத்துல மியின்பாகான்ல ஒரு கல்வெட்டு கெடச்சுது, 13ஆம் நூற்றாண்டு, மேல சமஸ்கிருத சுலோகம், கீழ தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பிங்கிறவரு நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபம் கட்டி, கதவும் விளக்கும் குடுத்ததச் சொல்லுது. நானாதேசின்னா வியாபாரக் கூட்டம். பாகான் கடல்லேர்ந்து எம்மாம் தூரம் உள்ள இருக்கு, அங்க பெருமாள் கோயில் கட்டுற அளவுக்கு ஆளு இருந்திருக்கான்.

ஒத்தக்கட்சி

எல்லாரும் கம்பெனிய தூக்கிவச்சுக் கொண்டாடுறீங்க, ஒரு ஓரமா நானும் பேசிக்கிறேன். 600 கப்பல்னு சொன்னீங்க, லாபம் எந்த ஊருக்குப் போச்சு? கிளாஸ்கோ. தபால் ஏத்துறதுக்கு சர்க்கார் மானியம் வேற. 1885ல பம்பாய் பர்மா கம்பெனி தேக்கு விவகாரத்துல பர்மாவோட கடைசி ராஜா தீபோவோட அரசாங்கம் அபராதம் போட்டுச்சு, அத சாக்கா வச்சுப் படையெடுத்தாங்க, சுமார் 10,000 பேரு, அந்தப் படைய மாந்தலேக்கு ஏத்திக்கிட்டுப் போனது எவன் கப்பலு? இதே ஃப்ளோட்டில்லா. நவம்பர் 29ஆம் தேதி ராஜாவையும் ராணி சுபயாலத்தையும் மாட்டுவண்டியில ஆத்தங்கரைக்குக் கொண்டுபோயி தூரியாங்கிற அதே கம்பெனிக் கப்பல்ல ஏத்திட்டாங்க. ரங்கூன், அங்கேர்ந்து நம்ம மெட்ராஸு, அங்க கொஞ்ச மாசம் வச்சிருந்து ரத்தினகிரி. படைய ஏத்திட்டுப் போன கம்பெனியே ராஜாவையும் ஏத்திட்டு வந்துருச்சு, ரெண்டு பக்கத்துக்கும் சார்ஜு.

மிண்டோன் ராஜா சொந்தமா ஸ்டீமர் வாங்கி ஓட்டுனாருங்கிறதயும் யாரும் சொல்லல. பர்மாக்காரனுக்கு ஆறு ஓட்டத் தெரியாம இல்ல. மழைக்காலத்துல தென்மேக்கு காத்து ஆத்துக்கு எதிர்ப்பக்கமா அடிக்கும், பெரிய பாய விரிச்சு ஆத்த எதிர்த்து மேல போற நெல்லுப் படகுங்க, சுக்கானிக்கு வீடு ஒசரத்துக்கு செதுக்குன நாற்காலி, அத விட அழகா டென்னி பட்டறையில ஒண்ணும் கட்டல.

பன்சொடான்_பெரியவர்

ஒத்தக்கட்சி சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. யாரும் கொண்டாடல சார், இருந்தத சொன்னோம். மானியமும் போட்டியில்லாமயும் இருந்தா எவனும் 600 கப்பல் விடுவான், அதுவும் சரிதான்.

தட்டோன்_தம்பி

ஐயா, அக்கா, மாமா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாக்கேமாவுக்கு ரயிலே இல்லங்கிறது இத்தன நாளு தெரியாம இருந்திருக்கேன். அக்கா சொன்ன ஓதக் கணக்கு அப்பத்தாகிட்ட சொன்னேன், "ஆமா கெளம்பினாலும் கெளம்பல மாதிரிதான் இருக்கும்"னுச்சு, அது எதுக்கு சொல்லுதுன்னு இப்பத்தான் தெரியுது. கடைசிக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல, இம்மாம் கப்பலும் எங்க?

மாந்தலே_மாமா

ஆத்துக்குள்ள தம்பி. 1942 ஏப்ரல் கடைசியில ஜப்பான்காரன் மாந்தலேய நெருங்கிட்டான். அவன் கையில சிக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரனே, மேனேஜரு ஜான் மார்ட்டன் உத்தரவுல, மாந்தலேயிலயும் மேல கத்தாவுலயும் கப்பல்கள வரிசையா ஓட்டை போட்டு மூழ்கடிச்சாங்க. அதே வாரந்தான் ஆவா பாலத்தையும் வெடி வச்சு ஒடச்சது, அது திரும்ப ஓட 1954 ஆச்சு. இதுக்கு முன்னாடி அந்தக் கப்பலுங்க செஞ்ச கடைசி வேலை நம்மாளுங்கள ஏத்துனது. மொனிவாவுலேர்ந்து சிந்துவின்ல கலேவா வரைக்கும் கப்பலு, அங்கேர்ந்து தமு, பலேல், இம்பால்னு கால்நடை. காசிருந்தவன், பாஸ் கெடச்சவன் கப்பல்ல. மிச்சப் பேரு கரையோரமா நடந்தே. வழியில காலராவுல எத்தனை பேரு. நாலஞ்சு லட்சம் இந்தியருங்க அந்த வருசம் பர்மாவ விட்டுப் போனதா கணக்கு. எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு போனாங்க, ஒருத்தரு போய்ச் சேந்தாரு.

சண்டைக்கப்புறம் கம்பெனி கொஞ்சம் புதுக்கப்பல் வரவழைச்சுப் பாத்துச்சு, 1948ல சுதந்திரம் வந்ததும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதுதான் இன்னிக்கு உள்நாட்டு நீர்ப்போக்குவரத்து. 1947ல ஸ்காட்லாந்துல கட்டுன பாண்டோங்கிற ஒரு கப்பல மட்டும் 90கள்ல செப்பனிட்டு டூரிஸ்டுக்கு ஓட்டுனாங்க, டாலர்லதான் டிக்கெட், பாய் விரிக்க எடமில்ல.

டெல்டாக்காரி

90கள் கடைசியில பாலம் மேல பாலமா வந்துருச்சு, மௌபின், புரோம்ல நவடே. பஸ்ஸு வந்ததும் பெரிய கப்பல்ல ஜனம் ஏறல.

தம்பி யாங்கோன் வந்தா பன்சொடான் தெருவுல பழைய கம்பெனி ஆபீஸப் பாருங்க, 1933ல கட்டுனது, பெரிய தூண் வச்சது, வெளியிலேர்ந்தே தெரியும். அப்புடியே ஜெட்டிக்கு நடந்து டாலா ஃபெர்ரி ஏறுங்க. உங்க கொள்ளுத்தாத்தா சம்பளக்காரரா இருந்தா ரங்கூன்ல எறங்குனதும் மொகல் தெரு கிட்டங்கியிலதான் (செட்டியாருங்க தங்கித் தொழில் பாத்த கட்டடம்) தங்கியிருப்பாரு, அது இப்ப ஷ்வேபொந்தா தெரு.

ஊர்ல பழைய பெட்டியில கடுதாசி, ஐந்தொகை ஏடு (வரவு செலவுக் கணக்கு) ஏதாச்சும் கெடந்தா தூக்கிப் போட்டுறாதீங்க. ஊர்ப்பேரு பழைய பேர்ல இருக்கும், போன்ல மேப்புல தேடுனா வராது: புரோம்னா பியே, பஸ்ஸீன்னா பத்தேயின், ஹென்சாடான்னா ஹிந்தாடா, சிரியம்னா தன்லின், மோல்மேன்னா மாவ்லமியாயின். பேரு புரியலன்னா படம் எடுத்து இங்க போடுங்க, நம்ம மூணு பேருல யாராச்சும் படிச்சுருவோம், செட்டிநாட்டுக் கணக்கு எழுத்துன்னா மட்டும் பெரியவர்தான்.